மெத்தைக்கு முன்னால் நங்கூரம்

போன செவ்வாய்க்கிழமை காலை, காபியைக் குடித்துவிட்டுப் பேப்பரை விரித்த நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு பி.டி.எஃப். வந்து விழுந்தது. அனுப்பியவன் என் தங்கை மகன். கொச்சியில் பன்னிரண்டு வருடமாக வியாபாரம் செய்கிறான். கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறான். கூடவே ஒரு குரல் செய்தி: "மாமா, புதுசா ஒரு போட்டுக்கு ஆர்டர் குடுக்கப் போறேன். 34 அடி, ரெண்டு கேபின். குடும்பத்தோட வேம்பநாட்டுக் காயல்ல சுத்தலாம், நல்ல சீசன்ல கடலுக்கும் போலாம். கொட்டேஷன் அனுப்பியிருக்கேன். ஆப்ஷன்ல எது வேணும், எது வேண்டாம்னு பார்த்துச் சொல்லுங்க."

கார் வாங்கப் போனவர்களுக்கு இந்த ஆப்ஷன் சமாசாரம் தெரியும். ஒரு அடிப்படை விலை சொல்வார்கள். அதற்கு மேல் வேண்டியதற்கு டிக் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு விலை. படகிலும் அதே கதைதான். பட்டியல் மட்டும் நீளம். இவனுக்கு வந்ததில் 62 வரி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். படித்து முடித்தபோது காபி குடித்த சந்தோஷம் போய்விட்டது.

டிக் போட்டிருந்தவை: லெதர் மாதிரி உறை போட்ட சோபாக்கள் நாலரை லட்சம். தேக்கு மாதிரி தெரிகிற செயற்கைத் தரை 5 லட்சம். பாட்டுக் கருவி, ஸ்பீக்கர்கள் 2 லட்சத்து 80 ஆயிரம். ராத்திரியில் படகைச் சுற்றித் தண்ணீருக்குள் நீல வெளிச்சம் அடிக்கிற விளக்குகள் 1 லட்சத்து 40 ஆயிரம். ஐஸ் கட்டி செய்கிற மெஷின் 1 லட்சத்து 20 ஆயிரம். கூரைக்கு மேல் எட்டுப் பேர் உட்கார்ந்து காற்று வாங்க மேல்தட்டு 9 லட்சம். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 24 லட்சம்.

டிக் போடாமல் விட்டவை: 15 கிலோ நங்கூரம், 10 மீட்டர் சங்கிலி, 50 மீட்டர் கயிறு, 60 ஆயிரம். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்க இரண்டாவது பம்ப், தண்ணீர் ஏறினால் அலறும் மணி, 45 ஆயிரம். டீசலில் தண்ணீரைப் பிரிக்கும் இரட்டை வடிகட்டி 55 ஆயிரம். இன்ஜின் அறையில் தானாகவே இயங்கும் தீயணைப்பான் 70 ஆயிரம். இன்ஜின் ஸ்டார்ட் செய்யத் தனி பேட்டரி, சுவிட்ச், 50 ஆயிரம். வி.எச்.எஃப். ரேடியோ 35 ஆயிரம். குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் நாலு, 16 ஆயிரம். எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 31 ஆயிரம்.

ஐஸ் மெஷினுக்கு டிக் இருக்கிறது. பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டுக்கு டிக் இல்லை. என் தங்கைக்கு இரண்டு பேத்திகள். பெரியவளுக்கு ஏழு வயது. சின்னவளுக்கு மூன்று.

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் முதலில் அந்தப் பட்டியலின் மேல். நங்கூரமும் லைஃப் ஜாக்கெட்டும் ஐஸ் மெஷினும் ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில், "விருப்பப்பட்டால்" என்ற ஒரே தலைப்பின் கீழ் எப்படி வரலாம்? கட்டில் விற்கிறவன் நாலாவது காலை ஆப்ஷன் என்று போட்டால் நாம் சும்மா விடுவோமா? படகு விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம். ஏனென்றால் படகுக்கு எத்தனை கால் என்று நமக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். 29 வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தேன். 2006-ல் ரிட்டயர் ஆனேன். சொந்தமாகப் படகு வைத்துக்கொண்டதில்லை. அதற்கான வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் ஒரு படகின் ஆப்ஷன் பட்டியல் முன்னால் உட்கார்ந்து நான் வாயை மூடிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. அதைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை.

1984. நான் லீவில் தூத்துக்குடி வந்திருந்தேன். எங்கள் தெருவில் உப்பளம் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி 28 அடியில் மோட்டார் படகு ஒன்று கட்டச் சொல்லியிருந்தார். வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகளைக் கடலில் வான் தீவுப் பக்கம் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய் வர ஆசை. படகு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு விலைப் பட்டியல் வந்திருந்தது. அன்றைக்கு அது டைப் அடித்த இரண்டு பக்கம். கனமான நங்கூரமும் சங்கிலியும் தனி. தண்ணீர் பிரிக்கும் டீசல் வடிகட்டி தனி. கண்ணாடி ஜன்னல் வைத்த கேபின் தனி.

அண்ணாச்சி சிவப்புப் பேனாவை எடுத்தார். நங்கூரத்தை அடித்தார். வடிகட்டியை அடித்தார். கண்ணாடி கேபினை வட்டம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இன்ஜினியர் தம்பி, சரிதான?" என்று கேட்டார்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.

சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்தின வருடம்தான் என் தங்கை கல்யாணத்துக்குப் பணம் குறைந்தபோது வட்டியில்லாமல் கொடுத்து உதவியவர் அவர். அவர் வீட்டுத் திண்ணையில், நாலு பேர் முன்னால், "நீங்க அடிச்சது தப்பு" என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா தெரியாது. நான் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

லீவு முடிந்து கப்பலுக்குப் போய்விட்டேன். அடுத்த வருடம் மார்ச்சில் ராட்டர்டாமில் இருந்தபோது அம்மாவின் ஏரோகிராம் வந்தது. ஜனவரியில், வாடைக்காற்று பலமாக வீசிய ஒரு சாயங்காலம், தீவுப் பக்கம் போய்த் திரும்பும்போது அண்ணாச்சி படகின் இன்ஜின் நின்றுவிட்டது. டீசலில் தண்ணீர். நங்கூரத்தைப் போட்டார்கள். சங்கிலி இல்லாத இலேசான நங்கூரம், 20 மீட்டர் கயிறு. அது மண்ணைக் கீறிக்கொண்டே கூட வந்தது. படகு புதுத் துறைமுகத்து அலைதடுப்புக் கல்லை நோக்கிப் போனது. கல்லில் மோதாமல் தள்ளிவிடலாம் என்று படகில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் காலை நீட்டினான். படகுக்கும் கல்லுக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடி ஜன்னல் ஒன்றுகூட உடையவில்லை என்று அம்மா எழுதியிருந்தாள். அவள் அதை ஒரு ஆறுதலாகத்தான் எழுதினாள்.

அன்றைக்கு அந்தத் திண்ணையில் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். நாற்பது வருடம் தாமதம்தான். மருமகன் போல் படகு வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதல் விஷயம், படகில் காசு முதலில் போக வேண்டிய இடம் தரைக்குக் கீழே. விருந்தாளி கண்ணில் படாத இடம். அங்கேதான் படகு மிதப்பதும் மூழ்குவதும் தீர்மானமாகிறது.

இன்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் உள்ளே வர வேண்டும். அதற்காகப் படகின் அடியில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, அதில் ஒரு வால்வு வைப்பார்கள். அந்த வால்வு பித்தளையா, வெண்கலமா என்று கேளுங்கள். பார்க்க இரண்டும் மஞ்சள்தான். உப்புத் தண்ணீரில் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். மிச்சம் இருப்பது செம்புச் சல்லடை மாதிரி. வெளியே வால்வு போலவே இருக்கும், ஒரு நாள் கைப்பிடியைத் திருகும்போது கையோடு வரும். வெண்கலம் அப்படி அரிக்காது. நம் பாட்டிமார் பாத்திரக்கடையில் தட்டிப் பார்த்து வாங்கினார்களே, அந்தப் புத்தி ஒரு கோடி ரூபாய்க்குப் படகு வாங்கும் பேரனுக்கு வேண்டாமா?

ஒன்றரை அங்குல ஓட்டை ஒன்று, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். நம் வீட்டு 15 லிட்டர் வாளியில் ஏழு வாளி. கொட்டேஷனில் "ஸ்டாண்டர்ட்" என்று போட்டிருந்த பம்ப் மணிக்கு 500 கேலன் இறைக்குமாம். பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. லிட்டராக்கி நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தால் சுமார் 32 லிட்டர். இரண்டு வாளி. அதுவும் தண்ணீரை மேலே ஏற்றத் தேவையில்லாத நிலையில் அளந்த அளவு. படகில் மாட்டி, குழாய் வழியாக மேலே தள்ளும்போது இன்னும் குறையும். ஏழு வாளி உள்ளே, இரண்டு வாளி வெளியே. இதற்கு இன்ஜினியர் படிப்பு வேண்டாம், திண்ணைப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். இரண்டாவது பம்பும் நமக்கு நேரம்தான் வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்த, தண்ணீர் ஏறுகிறது என்று மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஓட்டையில் அடித்து இறுக்க ஒரு கூம்பு மரக்கட்டை கட்டித் தொங்க வேண்டும். அந்தக் கட்டையைத் தச்சரிடம் சொன்னால் சில்லறைக் காசில் செய்து கொடுப்பார்.

அடுத்தது இன்ஜின். "ரெண்டு இன்ஜின் போட்டிருக்கேன் மாமா, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கு" என்றான் மருமகன். டேங்க் எத்தனை என்று கேட்டேன். ஒன்று. கடலில் இன்ஜின் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் முதல் இடம் டீசலில் சேரும் தண்ணீருக்கும் அழுக்குக்கும்தான். இரண்டு இன்ஜினும் ஒரே டேங்கில் குடித்தால், இரண்டும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கும். ஒரே கிணற்றில் இரண்டு வாளி போட்டதால் கிணறு இரண்டாகாது. 55 ஆயிரம் ரூபாய் இரட்டை வடிகட்டி இருந்தால், ஒன்று அடைத்ததும் ஓடும்போதே அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது இன்ஜின் தருவதாக அவன் நினைக்கிற தைரியத்தை உண்மையில் தருவது அந்த வடிகட்டிதான். வேம்பநாட்டில் ஆகாயத்தாமரை வேறு. கடல்நீர் உள்ளே வரும் வழியில் பெரிய வடிகட்டிக் கூடை இல்லாவிட்டால், வேரும் பிளாஸ்டிக் பையும் அடைத்து இன்ஜின் சூடேறி நிற்கும்.

பிறகு நங்கூரம். நங்கூரத்தின் எடை மட்டும் படகைப் பிடிப்பதில்லை. அது மண்ணில் படுத்த வாக்கில் இழுபட்டால்தான் கொழு மாதிரி உள்ளே இறங்கிப் பிடிக்கும். கயிறு செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் முன்னால் சங்கிலி, பின்னால் நீளக் கயிறு. தண்ணீர் ஆழத்தோடு படகின் முகப்பு உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்காவது விட வேண்டும். காற்று பலமானால் ஏழு மடங்கு. எட்டு மீட்டர் ஆழம், முகப்பு இரண்டு மீட்டர் என்றால் ஐந்து மடங்கு 50 மீட்டர். படகோடு சும்மா கொடுப்பது ஏழரைக் கிலோ நங்கூரமும் 20 மீட்டர் கயிறும். அதே 20 மீட்டர்! நாற்பது வருடத்தில் கயிறு மட்டும் வளரவேயில்லை.

இனி சொகுசுக்கு வருகிறேன். சொகுசு ஆப்ஷன் எதுவும் தனியாக வருவதில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் அவர் பக்கத்து ஐம்பது பேரும் சேர்ந்து வருவதுபோல் வரும். ஏசி வேண்டுமென்றால் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல், குளிர்விக்கும் தண்ணீருக்கு அடியில் இன்னொரு ஓட்டை, புகை போக இன்னொரு குழாய். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை. கதவை அடைத்துக்கொண்டு ஏசியில் குடும்பம் தூங்கும்போது புகைக்குழாயில் ஒரு இணைப்பு கழன்றால், தூங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த வாயுவைக் கண்டு அலறும் கருவி உள்ளங்கை அளவுதான். 62 வரிப் பட்டியலில் அது ஆப்ஷனாகக்கூட இல்லை. ஏசி விற்கிறவர் அதோடு சேர்த்துத் தர வேண்டியது அது.

எல்லாவற்றையும் விட எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த 9 லட்ச ரூபாய் மேல்தட்டு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து ஆடுவதற்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும். எட்டுப் பேர் என்றால் ஐந்நூறு கிலோவுக்கு மேல். அது தண்ணீருக்கு மூன்று மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சோபா, கூரை எல்லாம் சேர்த்தி. அந்த எடை அசையாமல் நடுவில் இருந்தால் ஒரு மாதிரி. "அங்க பாரு டால்பின்" என்று யாராவது கத்தி, எட்டுப் பேரும் ஒரு பக்கம் ஓடினால்?

இது கற்பனைப் பயம் இல்லை. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. பெரியாறு ஏரியில் "ஜலகன்யகா" என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். ஓட்டை ஒடிசலான பழைய படகு இல்லை அது, புதுப் படகு. கரையில் மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது என்று அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் படித்தோம். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை என்றும் படித்தோம். 2023 மே 7, மலப்புரம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிப் போனது கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். இரண்டும் என் மருமகன் குடியிருக்கிற அதே மாநிலத்தில் நடந்தவை. அவனும் அந்தச் செய்திகளைப் பார்த்து உச்சுக் கொட்டியவன்தான். கொட்டேஷன் வந்ததும் மறந்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னபோது அவன் மூன்று பதில் வைத்திருந்தான். மூன்றும் எல்லாரும் சொல்கிற பதில்தான். அதனால் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

"இதெல்லாம் அப்புறம் வாங்கி வெச்சுக்கலாம் மாமா." எதை அப்புறம் வாங்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டுக் கருவியை எந்தக் கடையிலும் எந்த நாளும் வாங்கி மாட்டலாம். சோபா உறையை அடுத்த தீபாவளிக்கு மாற்றலாம். ஆனால் அடிவால்வை மாற்றப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். இரண்டாவது பம்புக்கு ஒயர் இழுக்கத் தரையைப் பெயர்க்க வேண்டும். டீசல் டேங்கைச் சுத்தம் செய்யக் கை நுழையும் மூடி வேண்டுமென்றால் அது டேங்க் கட்டும்போதே வைக்க வேண்டியது. பின்னால் மாட்ட முடிந்ததை எல்லாம் முன்னாலேயே விற்றுவிட்டு, முன்னால் மாட்ட வேண்டியதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது அந்தப் பட்டியல்.

"சட்டப்படி வேண்டியதெல்லாம் இருக்கு மாமா." இருக்கலாம். 1912-ல் டைட்டானிக் கிளம்பியபோதும் சட்டப்படி எல்லாம் இருந்தது. அந்த அளவுக் கப்பலுக்கு 16 உயிர்காப்புப் படகு போதும் என்றது அன்றைய சட்டம். அவர்கள் 20 வைத்திருந்தார்கள். சட்டம் கேட்டதைவிட அதிகம்! அவற்றில் 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். சட்டம் என்பது பாஸ் மார்க். 35 வாங்கினால் பாஸ்தான். மகளையும் மருமகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு போகிறவன் 35 மார்க்கோடு திருப்திப்படலாமா?

"லைசன்ஸ் உள்ள ஸ்ராங்க் வெச்சிருக்கேன், அவர் பார்த்துக்குவார்." அவர் எதைக் கொண்டு பார்ப்பார்? இன்ஜின் நின்று, நங்கூரம் பிடிக்காமல், ரேடியோ இல்லாமல் நிற்கிற மனிதரிடம் மிச்சம் இருப்பது கையும் காலும்தான். அப்படித்தான் ஒரு பையன் 1985-ல் காலை நீட்டினான். முதலாளி டிக் போடாமல் மிச்சம் பிடித்ததைப் பெரும்பாலும் கூலிக்காரன்தான் உடம்பால் கட்டுகிறான். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைச் சந்நியாசி என்று நினைத்துவிடாதீர்கள். சொகுசே கூடாது என்று சொல்ல மாட்டேன். நம் வெயிலுக்கு நிழல் தரும் கூரைத் துணி அவசியம். நல்ல மின்விசிறி அவசியம். என் வயதுக்காரர்கள் ஏறினால், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கதவு மூடும் கழிவறையும் ஏசியை விட முக்கியம். படகு ஓட்டுகிறவருக்கு முதுகு சாய நல்ல நாற்காலி வேண்டும். களைத்தவர் தப்புச் செய்வார். இவற்றுக்கெல்லாம் நானே டிக் போட்டுக் கொடுத்தேன். என் சண்டை சொகுசோடு இல்லை, வரிசையோடு. முதலில் மிதக்கட்டும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும், கூப்பிட்டால் கேட்கட்டும். அப்புறம் பாட்டு பாடட்டும்.

நாம் வீடு கட்டுவதும் இப்படித்தானே? முகப்புக்குக் கிரானைட், ஹாலுக்குத் தொங்கும் விளக்கு. எர்த் ஒயர் எங்கே போகிறது என்று கேட்டால் எலெக்ட்ரீசியனைப் பார்ப்போம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் எர்த் குழியைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்வதில்லை. படகிலும் வெண்கல வால்வைப் பார்த்து யாரும் கைதட்டப் போவதில்லை. விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் ஷோரூமில் சோபாவில் உட்கார வைக்கிறார், தரைப் பலகையைத் தூக்கிக் காட்டுவதில்லை.

படகு வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். சரி, ஏறுகிறவர்கள் நாம் எல்லாரும்தானே? பிள்ளைகள் கூப்பிட்டால் ஆலப்புழைக்கும் பிச்சாவரத்துக்கும் போகிறோம். ஏறும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? எத்தனை பேருக்கு அனுமதி, இப்போது எத்தனை பேர்? அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கிழவன் தொணதொணக்கிறான் என்பார்கள், என்று விட்டுப் போகட்டும். நான் வெட்கப்பட்ட ஒரு நாளின் விலையைச் சொல்லிவிட்டேன். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண். அதையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருமகனிடமிருந்து திருத்திய கொட்டேஷன் வந்தது. 3 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் டிக் போட்டுவிட்டான். வாயு மணியையும் வெண்கல வால்வையும் தனியாக எழுதிச் சேர்த்திருந்தான். பேத்திகளின் எடையைக் கேட்டு, 22 கிலோ, 14 கிலோ என்று லைஃப் ஜாக்கெட்டுக்கு எதிரே குறித்திருந்தான். மேல்தட்டு இன்னும் இருக்கிறது. எட்டு இருக்கை நாலாகியிருக்கிறது. "அதுக்கு மேல குறைக்க மாட்டேன் மாமா, வீட்டுல சண்டை வரும்" என்றான். நீல விளக்கும் இருக்கிறது. "பிள்ளைங்களுக்குப் பிடிக்கும் மாமா" என்றான். போகட்டும். வெள்ளோட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தேங்காய் உடைக்கும் முன் தரைப் பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை.

நேற்று சாயங்காலம் பழைய துறைமுகப் பக்கம் போனேன். அந்தப் பையன் அங்கேதான் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். பையன் என்றா சொன்னேன்? தலை முழுக்க நரைத்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தால் இன்றைக்கும் "வாங்க இன்ஜினியர் ஐயா" என்றுதான் சொல்வார். அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. பல தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். நேற்று சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். ஊசியை நிறுத்தவில்லை. மருமகன் புதுப் படகு வாங்குகிற கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"நங்கூரம் எத்தனை கிலோ போடுதாக?"

"15."

"சங்கிலி?"

"10 மீட்டர்."

"போதும்" என்றார். அடுத்த கண்ணியைப் பின்ன ஆரம்பித்தார்.